அம்பு விடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... ஆன்லைன் கேம் பறவைகளின் கதை தெரியுமா?

கென்ஷின் இம்பாக்ட் ஆடியவர்களுக்கு அந்தப் பாலம் மறக்கவே மறக்காது. மோண்ட்ஸ்டாட் நகரத்துக்குள் நுழையும் முன் ஏரியைக் கடக்கிற நீளமான கல் பாலம். அதன் மேல் ஒரு புறாக் கூட்டம். பக்கத்தில் டிம்மி என்ற சின்னப் பையன். முதல் நாள் கேமை டவுன்லோடு பண்ணிய வேகத்தில், 'சும்மா ஒண்ணு விட்டுப் பார்ப்போமே' என்று புறா மேல் அம்பு விட்டவர்கள் ஏராளம். புறா விழும், ஒரு துண்டு இறைச்சி கிடைக்கும். அதை வைத்து 'ஸ்வீட் மேடம்' சமைத்து ஹெல்த் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், டிம்மி சோகமாகிவிடுவான். புறாக்களை விரட்டிவிட்டீர்களே என்று வருத்தப்படுவான்.

அவ்வளவுதான். ஸ்கோர் குறையாது, தண்டனை கிடையாது. இருந்தும் அதற்குப் பிறகு அந்தப் பாலத்தில் ஓடாமல் மெதுவாக நடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜத்தில் இல்லாத ஒரு புறாவுக்காக, நிஜத்தில் இல்லாத ஒரு பையனுக்காக!

கதைக்குத் தேவையில்லாத, மிஷனில் வராத இந்தப் பறவைகளை யார் வைக்கிறார்கள், எதற்கு வைக்கிறார்கள், அவை எப்படிப் பறக்கின்றன? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பின்னணிப் பறவைன்னா என்ன?

ஆன்லைன் ஃபேன்டஸி கேம்களில் பறவைகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வெறும் காட்சி. துறைமுகத்துக்கு மேலே வட்டமடிக்கும் கடற்காகங்கள், மலை உச்சியில் தெரியும் கழுகு போன்றவை. இவற்றைத் தொட முடியாது, குறிவைக்க முடியாது. வானத்தில் நகர்கிற ஓவியம் மாதிரி.

இரண்டாம் வகை, தொட முடிகிற சின்ன உயிர்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்கள் இவற்றை 'கிரிட்டர்' என்பார்கள். 2012-ல் வந்த கில்ட் வார்ஸ் 2-ல் 'ஆம்பியன்ட்' உயிரினங்கள் என்றே பெயர். கிட்டப் போனால் நகரும், அடித்தால் ஒரே அடியில் செத்துவிடும். உங்களை எதுவும் செய்யாது.

மூன்றாம் வகை, பயன் தருகிறவை. இறைச்சி, இறகு, சவாரி, சண்டை என்று ஏதோ ஒரு வேலைக்காக வைக்கப்பட்டவை.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், ஒரு பறவை எந்த வகை என்பதை டெவலப்பர் மட்டும் முடிவு செய்ய முடியாது. ஆடுகிற கூட்டமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

ஏன் குறிப்பா பறவை?

பசு, முயல், அணில் எல்லாம் இருக்கும்போது வானத்தில் பறவை எதற்கு? முதல் காரணம், அளவு. ஒரு கோபுரம் எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குத் தானாகத் தெரியாது. அதன் பாதி உயரத்தில் புள்ளி புள்ளியாகச் சில பறவைகள் பறந்தால், 'அடேயப்பா, எவ்ளோ பெருசு' என்று மனசு உடனே கணக்குப் போட்டுவிடும்.

இரண்டாவது, அசைவு. கல், மண், கட்டடம் எல்லாம் ஆடாமல் அசையாமல் நிற்கும் காட்சி சீக்கிரமே அட்டையில் செய்த செட் மாதிரி ஆகிவிடும். புல் அசைந்து, மேகம் நகர்ந்து, நாலு பறவை போனால், நாம் இல்லாதபோதும் இந்த உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை வரும்.

மூன்றாவது, தகவல். புதருக்குள்ளிருந்து பறவைகள் சடாரென்று எழும்பினால் அங்கே யாரோ வருகிறார்கள். காகங்கள் ஒரே இடத்தில் சுற்றினால் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது. கத்திக்கொண்டிருந்த காடு திடீரென அமைதியானால் ஏதோ சரியில்லை. காட்டில் நடப்பவர்கள் காலம்காலமாகப் படித்துவரும் இந்த மொழியைத்தான் கேம் டிசைனர்களும் எடுத்துக்கொண்டார்கள். மேப்பில் சிவப்புப் புள்ளி போடாமலேயே 'ஜாக்கிரதை' என்று சொல்லிவிடலாம்.

எப்படிப் பறக்குது?

எளிய வழி, வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையத்தை வரைந்து, அதன் மேல் பறவையை ஓட விடுவது. தூரத்துக் கழுகுக்கு இது போதும். பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் அதே வட்டம், அதே வேகம் என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

கூட்டமாகப் பறப்பதற்கு வேறு வழி தேவைப்பட்டது. 1986-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி அனிமேஷன் வல்லுநர் 'பாய்ட்ஸ்' என்ற முறையை உருவாக்கி, அடுத்த ஆண்டு ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்தான்.

ஒன்று, பக்கத்துப் பறவை மேல் இடிக்காதே.
இரண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் போகும் திசையிலும் வேகத்திலும் போ.
மூன்று, கூட்டத்தின் நடுப்பகுதியை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாதே.

இந்த மூன்றையும் ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்கிட்டால், திரையில் நிஜக் கூட்டம் மாதிரியே வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து பறக்கும். 1992-ல் வெளியான 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் வரும் வௌவால் கூட்டமும் பென்குயின் கூட்டமும் இதே வழியில் உருவானவை. இந்த வகை வேலைக்காக ரெனால்ட்ஸுக்கு 1998-ல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

அப்புறம் நிஜப் பறவைகளையும் அளந்து பார்த்தார்கள். ரோம் நகரத்தில் மாலை நேரத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் ஸ்டார்லிங் பறவைகளை (நம்ம ஊர் மைனாவின் உறவுக்காரப் பறவை) பல கோணங்களில் படமெடுத்து ஆராய்ந்த குழு, 2008-ல் முடிவுகளை வெளியிட்டது. ஒவ்வொரு பறவையும் கூட்டம் முழுவதையும் பார்ப்பதில்லை. தனக்கு மிக அருகில் இருக்கும் ஆறு ஏழு பறவைகளை மட்டும்தான் கவனிக்கிறது. அவை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கணக்கு அந்த ஆறு ஏழுதான். 'பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நடந்துகொள்' என்ற ரெனால்ட்ஸின் அடிப்படை யோசனை கிட்டத்தட்ட சரிதான் என்பதை வானமே சொல்லிவிட்டது.

உங்க போன் படும் பாடு

விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமை வரைய போனுக்குக் கிடைப்பது சுமார் 16.6 மில்லிவிநாடி. 30 ஃப்ரேம் என்றால் 33.3. அதற்குள் உங்கள் கேரக்டர், எதிரி, மேஜிக் வெளிச்சம், தண்ணீர், நிழல் எல்லாம் முடிய வேண்டும். மிச்சம் மீதி நேரத்தில்தான் பறவை.

அதனால் பறவைக்கு ஏகப்பட்ட சிக்கனம். கிட்டே இருந்தால் அலகு, கண், இறகு எல்லாம் உள்ள முழு மாடல். கொஞ்சம் தள்ளிப் போனால் விவரம் குறைந்த மாடல். ரொம்பத் தூரம் போனால் இரண்டு முக்கோணங்கள் மட்டும், மேலும் கீழும் ஆடும். சின்ன வயசில் சூரியோதயம் வரையும்போது வானத்தில் 'வி' போட்டு நாலு பறவை பறக்க விடுவோமே, கிட்டத்தட்ட அதேதான்! கேமரா பார்க்காத பக்கம் இருக்கும் பறவையை வரையவே மாட்டார்கள். போனில் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸைக் குறைக்கும்போது சில கேம்களில் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி அலங்காரங்கள்தான்.

இன்டர்நெட் பக்கம் இன்னொரு சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 40 பறவைகள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சர்வர் விநாடிக்கு 10 முறை சொல்ல வேண்டும். ஒரு இடத்தைக் குறிக்க 12 பைட் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 4,800 பைட். இது ஒருவருக்கு மட்டும். அதே ஊரில் 1,000 பேர் நின்றால் விநாடிக்கு 48 லட்சம் பைட்! யாரும் அடிக்கவே போகாத பறவைக்கு இவ்வளவு செலவு செய்ய எந்த சர்வருக்கும் மனசு வராது.

எனவே காட்சிக்காக மட்டும் இருக்கும் பறவைகளை, பெரும்பாலும் அவரவர் போனோ கம்ப்யூட்டரோ தனியாகக் கற்பனை செய்துகொள்ளும். விளைவு? 'மச்சி, அந்தக் கோபுரத்துக்கு மேல பாரேன்' என்று நீங்கள் காட்டும் பறவை, பக்கத்தில் நிற்கும் நண்பரின் திரையில் இல்லாமலே இருக்கலாம். கிரிட்டர் மாதிரி அடிக்கக்கூடிய உயிர்கள் மட்டும்தான் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் அவை எண்ணிக்கையில் குறைவு.

கண்ணுக்கு இல்ல, காதுக்கு!

உண்மையில் கேமில் நாம் அதிகம் சந்திப்பது பறவையை அல்ல, பறவைச் சத்தத்தை. கூவல் வரும் திசையில் பெரும்பாலும் பறவையே இருக்காது. ஒரே ஒலியைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டால் காது சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். அதனால் பல குட்டி ஒலித்துண்டுகளை வைத்துக்கொண்டு, இடைவெளியை மாற்றி, சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, இடமும் வலமும் மாற்றி ஒலிக்க விடுவார்கள். விடியலுக்கு ஒரு தொகுப்பு, இரவுக்கு ஒரு தொகுப்பு, மழைக்கு மௌனம்.

இதில் சினிமாவிலிருந்து வந்த பழைய பித்தலாட்டம் ஒன்றும் உண்டு. ஹாலிவுட்டில் வெண்தலைக் கழுகு கம்பீரமாகக் கத்தினால், அது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். நிஜ வெண்தலைக் கழுகின் குரல் கீச்கீச்சென்று மெலிதாக இருக்கும். 'இந்த உடம்புக்கு இந்தக் குரலா' என்று டப்பிங் கொடுத்துவிட்டார்கள்!

எல்லாத்தையும் கொன்னு தீர்த்த கதை

இப்போது 1997-க்குப் போவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது அல்டிமா ஆன்லைன். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே ஃபேன்டஸி உலகத்தில் சேர்ந்து வாழலாம் என்று காட்டிய முன்னோடி. ரிச்சர்ட் காரியட்டின் அல்டிமா வரிசையில் வந்த இந்த கேமின் முதன்மை டிசைனர் ராஃப் கோஸ்டர்.

அவர்கள் போட்ட திட்டம் பிரமாண்டமானது. கேமுக்குள் ஓர் உயிர்ச்சங்கிலி. புல் இருந்தால் முயல் பெருகும். முயல் இருந்தால் ஓநாய் வாழும். முயல் குறைந்தால் பசித்த ஓநாய் வேறு இரை தேடி ஊர்ப்பக்கம் வரும். ஆடுகிறவர்கள் செய்யும் ஒவ்வொன்றும் இயற்கையை மாற்றும். காகிதத்தில் பார்த்தால் கனவு மாதிரி இருந்தது.

நடந்தது வேறு. உள்ளே வந்த கூட்டம் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொன்றது. தோலுக்கு, இறைச்சிக்கு, பயிற்சிக்கு, சும்மா பொழுதுபோக்குக்கு. பறவையும் தப்பவில்லை. அல்டிமா ஆன்லைனில் அம்பு செய்ய ஒரு குச்சியும் ஓர் இறகும் வேண்டும். வில்லாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இறகுக்கு எங்கே போவது? அலங்காரமாகத் திரிந்த பறவை கச்சாப்பொருளாக மாறியது. உயிர்கள் பிறக்கும் வேகத்தைவிடச் சாகும் வேகம் அதிகம். முயலை ஓநாய் சாப்பிடும் முன்பே மனிதர்கள் இரண்டையும் முடித்துவிட்டார்கள். யாரும் பார்க்காத உயிர்ச்சங்கிலியைக் கணக்கிட்டு சர்வர் களைத்துப்போனதுதான் மிச்சம். கடைசியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

அதற்குப் பின் வந்த பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் வேறு வழிக்குப் போயின. கொன்றால் சிறிது நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். ஆட்டக்காரர்கள் மொழியில் 'ரீஸ்பான்'. இன்று நீங்கள் எத்தனை புறாவை அடித்தாலும் பாலம் காலியாகாததற்கு, அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் காட்டிய கைவரிசையும் ஒரு காரணம்.

அடிக்கிறதுலேர்ந்து ரசிக்கிறதுக்கு

2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வேறு மாதிரி யோசித்தது. கிரிட்டரைக் கொன்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஆனால் அன்பு காட்டினால்?

வெஸ்ட்ஃபால் என்ற பகுதியில் சுற்றும் சாதாரணக் கோழியிடம் போய், கோழி மாதிரி நடிக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். பல முறை செய்தால் அந்தக் கோழியே ஒரு வேலை தரும்! தீவனம் வாங்கிக் கொடுத்து உற்சாகப்படுத்தினால் முட்டை இடும். அதிலிருந்து ஒரு கோழி உங்கள் பின்னாலேயே வரும். இன்னொரு சாதனைப் பட்டியலில் கிளி, கோழி, அணில், முயல் என்று பல சின்ன உயிர்களைத் தேடிப்போய் ஒவ்வொன்றுக்கும் அன்பு தெரிவிக்க வேண்டும். 2012-ல் செல்லப்பிராணிச் சண்டை வந்தபோது, காட்டில் சும்மா திரிந்த பல உயிர்கள் பிடித்து வளர்க்கக்கூடியவையாக மாறின.

கென்ஷினும் அதே பாதையில்தான். 2020 செப்டம்பர் 28 அன்று போன், பிசி, பிளேஸ்டேஷன் மூன்றிலும் வெளியானபோது பறவை என்றால் இறைச்சி. பின்னர் வலை போட்டுப் பிடிக்கும் கருவி வந்தது. பிடித்ததைக் கொண்டுபோய் உங்கள் தேநீர்க் கெண்டி வீட்டுத் தோட்டத்தில் விடலாம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு வகைப் பறவையையும் தேடி அலைய ஆரம்பித்தார்கள்.

கவனித்தீர்களா? பறவை அதேதான். இறகுக்கு விலை வைத்தால் கூட்டம் கொல்கிறது. பார்ப்பதற்கும் பழகுவதற்கும் மதிப்பு வைத்தால் அதே கூட்டம் தேடிப்போய் ரசிக்கிறது.

கிளிக்கு பிஸ்கட் கொடுக்கலாமா?

கேமில் செய்வது நிஜத்துக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு மைன்கிராஃப்ட் கிளிதான் பதில். 2017-ல் கிளிகள் சேர்க்கப்பட்டபோது, சாக்லேட் துண்டுகள் போட்ட குக்கி கொடுத்தால் கிளி நம்மோடு சேர்ந்துவிடும் என்று முதலில் வைத்திருந்தார்கள். பறவை வளர்ப்பவர்கள் பதறிவிட்டார்கள். சாக்லேட் நிஜக் கிளிக்கு விஷம். கேமில் பார்த்த குழந்தை வீட்டுக் கிளிக்கும் அதையே கொடுத்தால் என்ன ஆகும்?

முழு அப்டேட் வெளிவரும் முன்பே மாற்றிவிட்டார்கள். இப்போது கிளியைப் பழக்க விதைதான் கொடுக்க வேண்டும். குக்கி கொடுத்தால் கிளி செத்துவிடும்.

நிஜத்தில் இதனால் என்ன லாபம்?

இரண்டு ஆய்வுகள். 2018-ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஃபேன்டஸி கேம் இல்லை, கௌபாய் கதை. ஆனால் பறவைகளும் விலங்குகளும் நிறைந்தது. அதை ஆடியவர்களிடமும் ஆடாதவர்களிடமும் நிஜ விலங்குகளின் 15 படங்களைக் காட்டி அடையாளம் சொல்லச் சொன்னார்கள் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள். 2021-ல் வெளியான முடிவு: ஆடியவர்கள் சராசரியாக 10 சரியாகச் சொன்னார்கள். ஆடாதவர்களைவிட மூன்று அதிகம். யாரும் பாடம் எடுக்கவில்லை, பின்னணியில் பார்த்தே கற்றுக்கொண்டது.

இன்னொன்று ஜெர்மனியில் நடந்தது. 295 பேரை இணையம் வழியாக ஆறு நிமிடம் பறவைச் சத்தமோ போக்குவரத்துச் சத்தமோ கேட்க வைத்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி, பறவைச் சத்தம் கேட்டவர்களுக்குப் பதற்றமும் காரணமில்லாத சந்தேக எண்ணங்களும் குறைந்திருந்தன. பதிவு செய்த ஒலிக்கே இந்தப் பலன் என்பதுதான் விஷயம்.

ஆனால் இதே காலத்தில் நிஜ வானம் காலியாகிக்கொண்டிருக்கிறது. 1970-லிருந்து வட அமெரிக்கா மட்டும் சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அரிய பறவைகள் மட்டுமல்ல, அங்கே தினமும் கண்ணில் படும் சிட்டு வகைகளே அதிகம் குறைந்திருக்கின்றன. பின்னணியில் இருப்பது குறைந்தால் சட்டென்று யாருக்கும் தெரியாது, அதுதான் ஆபத்து. அங்கே ரீஸ்பானும் கிடையாது.

இன்னிக்கு ராத்திரி ட்ரை பண்ணுங்க!

* அடுத்த முறை கேமில் நுழைந்ததும் மிஷனை ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு ஓர் இடத்தில் சும்மா நில்லுங்கள். எந்தப் பறவை கிட்டப் போனால் பறக்கிறது, எது வெறும் காட்சி என்று பிரித்துப் பாருங்கள்.

* ஒரு கழுகைத் தேர்ந்தெடுத்து உற்றுப் பாருங்கள். ஒரே வளையத்தில் சுற்றுகிறதா?

* நண்பரோடு ஆடும்போது இருவர் திரையையும் ஒப்பிடுங்கள். ஒரே பறவைகள்தானா?

* ஹெட்போன் மாட்டிக்கொண்டு விடியலுக்கும் இரவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள்.

* கடைசியாக, போனில் 'மெர்லின்' என்ற இலவச ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் உருவாக்கியது. காலையில் ஜன்னலைத் திறந்து போனை நீட்டினால், கத்துவது என்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும், அதனால் ஒரு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியே மோண்ட்ஸ்டாட் பாலம் பக்கம் போனீர்கள் என்றால், ஓடாமல் நடந்து போங்கள். டிம்மி பாவம்!